ஜாஸ் ஆர்கன் கேட்க ஆரம்பிக்கிறேன். ஜிம்மி ஸ்மித்தை விட்டால் வேறு யாரைக் கேட்கலாம்?

ஷெர்லி ஸ்காட். யோசிக்காமல் சொல்வேன்.

ஜாஸ் ஆர்கன் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஜிம்மி ஸ்மித்தின் விரல் வேகத்துக்கு முன் யாரும் நிற்க முடியாது, அதில் சண்டையே இல்லை. ஆனால் ஆர்கனை வைத்துக்கொண்டு அடுத்தவரை எப்படி வாசிக்க வைப்பது என்று தெரிந்துகொள்ள ஸ்காட்டிடம்தான் போக வேண்டும்.

1934-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா வீட்டு அடித்தளத்திலேயே ஒரு ஜாஸ் கிளப் நடத்தினார், சகோதரர் சாக்ஸஃபோன் வாசிப்பார். இவர் பியானோ படித்தார், பள்ளியில் டிரம்பெட் ஊதினார், 1950களின் நடுவில் ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனுக்கு வந்து சேர்ந்தார். அந்த நாட்களில் உள்ளூர்க் குழு ஒன்றில் கூட வாசித்தவர், பின்னால் சாக்ஸஃபோன் மேதையாகி, அப்போது இன்னும் பெயர் வாங்காத ஜான் கோல்ட்ரேன்!

அந்த ஆர்கனின் பி-3 மாடலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் செய்தது புரியாது. ஆர்மோனியம் மாதிரி இதில் காற்று கிடையாது. உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், ஒலி அங்கிருந்து பிறக்கிறது. கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஒன்றுதான். ஏற்ற இறக்கமெல்லாம் வலது காலடியில் இருக்கும் பெடலில். இடது கால் கீழே பேஸ், அதாவது அடிநாத ஸ்வரங்களுக்கான பெடல்களில் ஓடும். ஆக, ஒரே ஆள் பேஸ், கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), மெட்டு மூன்றையும் கவனித்துக்கொள்ளலாம். பேஸ்காரருக்குச் சம்பளம் மிச்சம் என்பதால் கிளப் முதலாளிகளுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கும் என்பது என் ஊகம்.

ஸ்காட் தன் பெரும்பாலான ரெக்கார்டுகளில் தனியாக ஒரு பேஸ்காரரை வைத்துக்கொண்டார். 1958-ல் எடி 'லாக்ஜா' டேவிஸின் குழுவில் வாசித்த 'இன் தி கிச்சன்' கேளுங்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் நிதானமாக நகரும் ப்ளூஸ். பேஸை ஜார்ஜ் டுவிவியே பார்த்துக்கொள்வதால் ஸ்காட்டின் கைகளுக்கு அவசரமே இல்லை. டேவிஸின் டெனர் சாக்ஸஃபோன் கரகரவென்று பேசும்போது ஆர்கனை மட்டும் கவனியுங்கள். குறுக்கே விழாமல், அதே சமயம் ஆளை விட்டுவிடாமலும் கூடவே வருவார். சர்ச் இசையும், பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியும் அவர் கையில் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கும்.

அதே ஆண்டு ப்ரெஸ்டீஜ் என்ற ரெக்கார்டு கம்பெனிக்காகச் சொந்தப் பெயரில் ரெக்கார்டு போட ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியில் மட்டும் இருபதுக்கும் மேல் வந்தன. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சிலது அவசரத்தில் சுட்ட தோசைதான்.

1960களில் டெனர் சாக்ஸ் கலைஞர் ஸ்டான்லி டரன்டைனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ப்ளூ நோட் ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தார், இவர் ப்ரெஸ்டீஜோடு. அதனால் 1961-ல் இவருடைய 'ஹிப் சோல்' உறையில் கணவர் பெயர் 'ஸ்டான் டர்னர்', அவருடைய 'டியர்லி பிலவ்ட்' உறையில் மனைவி 'லிட்டில் மிஸ் காட்'. ஊருக்கே தெரிந்த ஒலியை இப்படி மறைத்து யாரை ஏமாற்றினார்களோ! 1971-ல் மணவாழ்க்கை முறிந்தது.

பேஸ்காரரை வைத்துக்கொண்டது கால் வேலை தெரியாததால் என்று நினைப்பவர்கள் 1974-ல் பதிவான 'ஒன் ஃபார் மீ' கேட்கட்டும். ஹெரால்ட் விக் சாக்ஸஃபோன், பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸ், பேஸ் இவரேதான். எனக்கு அவருடைய ரெக்கார்டுகளிலேயே இதுதான் உயரம். கம்பெனிக்காக இல்லாமல் தனக்காக வாசித்தது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது.

பிறகு ஃபிலடெல்ஃபியாவிலேயே தங்கி, பெரும்பாலும் பியானோ வாசித்தார். செய்னி பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே ஜாஸ் பாடமும் நடத்தினார். 1990களில் எடை குறைக்கச் சாப்பிட்ட மாத்திரை இதயத்தைக் கெடுத்துவிட்டது. அந்த மருந்துக் கலவை 1997-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார், 2000-ல் ஜூரி 80 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. 2002 மார்ச் 10 அன்று இதயம் செயலிழந்து காலமானார், 68-வது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால்.

'இன் தி கிச்சன்', 'ஹிப் சோல்', 'ஒன் ஃபார் மீ' என்ற வரிசையில் போங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் கேட்கவே கேட்காது.