புல்மோட்டை மணலும் பத்துக் கோடி அணுக்களும்: கேள்வி பதில்

பொருள்களின் இலத்திரன்களை அவற்றின் அடர்த்தி வழியே கணினியில் கணக்கிடும் முறை (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, சுருக்கமாக டி.எஃப்.டி) பற்றித் திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை.

நிலாவெளி: அண்ணா, 100 அணுக்களுக்கு டி.எஃப்.டி ஒரு நாள் ஓடியது. 1000 அணுக்களுக்குப் பத்து நாள் போதுமா?

போதாது தங்கச்சி. ஆயிரம் நாள். ஒவ்வோர் இலத்திரன் அலையும் மற்ற எல்லா அலைகளுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும். சோடிகள் இருபடியாகப் பெருகும். ஒரு சோடியைச் சரிபார்க்கும் வேலையும் அணுக்களை வைத்த பெட்டியின் அளவோடு கூடும். ஆக முப்படி. தப்பிக்க ஒரு வழி உண்டு. 1996இல் டி.எஃப்.டிக்கு அடித்தளமிட்ட வால்டர் கோன் சொன்ன 'கிட்டப்பார்வை': ஓரிடத்து இலத்திரன்களுக்குப் பக்கத்தில் நடப்பதுதான் பெரிதாகத் தெரியும். ஒன்டெப், காங்குவெஸ்ட் போன்ற நிரல்கள் அதை நம்பியே நேர்விகிதத்தில் ஓடுகின்றன. மின் கடத்தாத காவலிகளுக்குச் சரி, உலோகங்களுக்கு இலேசில் சரிவராது. அதற்கு முன், கணக்கை நுணுக்க நுணுக்க விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும் ஒருங்கல் சோதனை செய்தீர்களா?

புல்மோட்டை: எங்கட மணலில் கிடைக்கும் ரூட்டைல் கனிமத்துக்குப் பட்டை இடைவெளி (இலத்திரன் தாண்ட வேண்டிய சக்தி இடைவெளி) 1.9 இலத்திரன்வோல்ட் வருகிறது. புத்தகத்தில் 3.0. எங்கே பிழை?

உங்களில் இல்லை தம்பி. நீங்கள் போட்ட பி.பி.ஈ (டி.எஃப்.டியின் ஒரு தோராயச் சூத்திரம்) குறைத்துத்தான் சொல்லும். அதில் இலத்திரன் தன்னையே கொஞ்சம் தள்ளிக்கொள்கிறது. அந்தத் தள்ளலைக் கொஞ்சம் திருத்தும் கலப்புச் சார்பியம் போட்டால் இடைவெளி கூடும், செலவும் கூடும். மணலில் உள்ள இல்மனைட் கனிமத்துக்குப் போவதென்றால் அதில் இரும்பு இருக்கிறது. ஹபர்ட் யூ (இரும்பின் இறுக்கமான இலத்திரன்களுக்கான திருத்தம்) இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒருங்கல் சோதனையும்!

மூதூர்: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

கடையில் கேளுங்கள். நிரல் என்றால் குவாண்டம் எஸ்பிரஸோ, இலவசம்.

கிண்ணியா: இயந்திரக் கற்றல் பத்துக் கோடி அணுக்களை ஓட்டி 2020இல் மீக்கணினிக் கணக்குகளுக்கான கோர்டன் பெல் பரிசே வாங்கிவிட்டது. இனி டி.எஃப்.டி எதற்கு?

அது படித்ததே டி.எஃப்.டியிடம். படித்த இடத்தின் பிழையும் கூடவே வரும்.

கிண்ணியா: விடை சரியென்றால் போதாதா?

எந்த விடை? அணுக்களின் மீதான விசை கேட்டால் தரும். அந்த மாதிரியில் இலத்திரனே இல்லை. பட்டை இடைவெளி கேட்டுப் பாருங்கள்.

உவர்மலை: இலத்திரன் அடர்த்தியைக் கற்கும் மாதிரிகளும் இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பளிங்கை மட்டும் காட்டிப் பழக்கியதை உருகிய குழம்பில் விட்டுப் பாருங்கள். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும், மாதிரி அதையும் நல்ல நிலை என்று சொல்லும். அப்போது யாரிடம் போய்ச் சரிபார்ப்பீர்கள்?

கிண்ணியா: டி.எஃப்.டியிடம்தான்... ஆனால் சில நூறு அணுக்களுக்கு மட்டும்.

சரி, அதில் நமக்குள் சண்டை இல்லை.

சாம்பல்தீவு: 2000 அணுக்களுக்கு எத்தனை நாள் அண்ணா?

முதல் பதிலைப் பாருங்கள்.

தம்பலகாமம்: கே புள்ளிகளை (பளிங்கின் இலத்திரன் அலைகளைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) மாற்றினால் சக்தியும் மாறுகிறதே?

மூன்றாம் தடவை சொல்கிறேன்: ஒருங்கல் சோதனை. இனிமேல் வெட்டுச் சக்தியையும் (எவ்வளவு நுண்ணிய அலைகள் வரை சேர்ப்பது என்ற எல்லை) கே புள்ளிகளையும் எழுதாத கேள்விக்குப் பதில் கிடையாது.