மகளுக்கு 21 ஆகப்போகிறது, கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். இபி-2 எனும் வேலைவழி கிரீன் கார்டு பிரிவில், நிறுவனம் எனக்காகப் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் 2018-லேயே வந்துவிட்டது. நான்கு வயதில் எங்களோடு வந்த மகளுக்கு இப்போது பத்தொன்பதரை வயது. 21 முடிந்ததும், என்னைச் சார்ந்தவள் என்று அவளுக்குக் கிடைத்த எச்-4 விசா போய்விடும் என்கிறார்கள். அவள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதானா?

பதில்: திரும்பவேண்டியதில்லை. ஆனால் வரிசை நகரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

முதலில் வயதுக் கணக்கு. குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி (சிஎஸ்பிஏ), வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதிக்கு முறை வரும் நாளில், அதாவது தேதி ‘திறக்கும்’ நாளில், மகளுக்கு உள்ள வயதிலிருந்து, ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். அது 200 நாள் கிடந்திருந்தால், 21 வயது 150 நாள் ஆனவரும் ‘குழந்தை’தான். கூடுதல் பணம் கட்டி பிரீமியம் எனும் விரைவுப் பரிசீலனையில் 15 நாளில் ஒப்புதல் வாங்கியவருக்குக் கழிக்க அந்தச் சில நாட்கள்தான் மிச்சம். அவசரப்பட்டதற்கு இப்படியும் ஒரு தண்டனை!

தேதி ‘திறக்கும் நாள்’ எது என்பதில்தான் கொள்கை மாறிக்கொண்டே இருக்கிறது. யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் அரசு வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. விண்ணப்பிக்கும் தேதி அட்டவணை பெரும்பாலும் முன்னால் ஓடும், இறுதி முடிவுத் தேதி அட்டவணை பின்தங்கும். 2023 பிப்ரவரியில் விண்ணப்பிக்கும் தேதி அட்டவணையை வைத்தே வயதைக் கணக்கிடலாம் என்றார்கள். பல பிள்ளைகள் தப்பினார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு மறுபடி இறுதி முடிவுத் தேதி அட்டவணைதான். ஆகவே 2024-இல் தப்பித்த நண்பரின் கதையைக் கேட்டு உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் எஃப்-1 மாணவர் விசாவைத்தான் முதலில் பார்ப்பேன். கல்லூரியிலிருந்து ஐ-20 எனும் சேர்க்கைச் சான்று வாங்கி, 21-ஆவது பிறந்தநாளுக்குப் பல மாதங்கள் முன்பே, எச்-4-இலிருந்து எஃப்-1-க்கு மாறும் ஐ-539 விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அது நிலுவையில் இருக்கும்போது தாத்தா பாட்டியைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினால், நிலை மாற்ற விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் தள்ளித்தான் வைக்கவேண்டும். எச்-4-இல் இல்லாத ஒரு வசதி எஃப்-1-இல் உண்டு: கல்லூரி வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், படிப்பு முடிந்ததும் ஓபிடி எனும் தற்காலிக வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் விசா மாறினால் சில கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணச் சலுகை போய்விடும். அதைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அப்புறம், படிப்பு முடித்து அவள் எச்-1பி-க்கு மாறும்போது வரும் அந்த ஒரு லட்சம் டாலர் பயம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அறிவித்த கட்டணம் அது. நாட்டுக்குள் இருந்தபடியே எஃப்-1-இலிருந்து எச்-1பி-க்கு மாற ஒப்புதல் பெறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியுரிமைத் துறை அக்டோபரில் விளக்கிவிட்டது.

கடைசியாக, உங்கள் மனைவி எங்கே பிறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கிரீன் கார்டு வரிசைக்குப் பாஸ்போர்ட் கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. அவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால், அந்த நாட்டு வரிசையில் குடும்பம் முழுவதும் சேரலாம். அங்கே காத்திருப்பு இந்திய வரிசையைவிட மிகக் குறைவு. எத்தனையோ வளைகுடாக் குடும்பங்கள் இதைக் கேட்காமலேயே விட்டிருக்கின்றன. அவருடைய பிறப்புச் சான்றிதழோடு ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.