ஒரே காருக்கு ஆறு பிள்ளைகள் சண்டை: பதில்

உங்கள் மழலையர் வகுப்பில் ஒரு சிவப்பு பொம்மைக் காருக்காக இரண்டரை வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் சண்டை போடுகிறார்கள், ஒரு பையன் கடிக்கிறான், தலைமையாசிரியரோ குழு விளையாட்டு வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரை இப்போதைக்கு அலமாரியில் பூட்டிவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது அதே மாதிரி மூன்று கார்களாவது இருக்கட்டும். "பகிர்ந்து விளையாடு" என்று இரண்டரை வயதுப் பிள்ளையிடம் எத்தனை முறை சொன்னாலும், நீங்கள் எழுதியிருப்பதுபோல், அழுகைதான் மிஞ்சும்.

பெரும்பாலும் காரணம் வயதுதான், வளர்ப்பு அல்ல. இந்த வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் பள்ளியில் இதைக் கவனித்து 1932இலேயே எழுதியிருக்கிறார். சேர்ந்து விளையாடுவது பிறகு மெல்ல வரும். உங்கள் தலைமையாசிரியர் கேட்கும் "குழு விளையாட்டு" இவர்களுக்குச் சீக்கிரம். அதை அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சில நாள்களுக்குச் சண்டை எந்த நேரத்தில், எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்புதான் என்றால் சிக்கல் பொம்மையில் இல்லை, பசியில் இருக்கிறது. ஒரே மூலையில்தான் என்றால் பாயைப் பிரித்து இரண்டு இடங்களில் போடுங்கள். மணலும் தண்ணீரும் வைத்தால் பிடுங்குவதற்கே வேலை குறைவு.

சொப்புச் சாமான் வாங்கினால் வாய்க்குள் போகிற சிறு துண்டுகள் வேண்டாம்.

கடிக்கும் அந்தப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, இரண்டு சொல் சேர்த்தும் பேசுவதில்லை என்றால் அது வேறு விஷயம். பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி, குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.