கடல்ல ஒரு செமஸ்டர்: அக்கா பதில்கள்

போன இதழ்ல 'செமஸ்டர் அட் சீ' பத்தி சின்னதா ஒரு பதில் எழுதியிருந்தேன். கப்பல்லயே தங்கி, கப்பல்லயே படிச்சு, வழியில பத்து நாடு கிட்ட இறங்கிப் பாத்துட்டு வர்ற அமெரிக்க ப்ரோக்ராம், நானும் அங்க காலேஜ் படிக்கும்போது அதுல போயிட்டு வந்தவதான்னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்ததும் இந்த வாரம் முழுக்க இதுக்கே குடுத்துடலாம்னு தோணிடுச்சு.

அக்கா, இது சொகுசுக் கப்பல் டூர்தானே, படிப்புங்கறது சும்மா பேருக்குத்தானேன்னு எங்கப்பா கேக்கறார். என்ன பதில் சொல்றது? (கல்லூரி மாணவி, திருச்சி)

அப்பா கேக்கறது நியாயம்தாம்மா, கப்பலை வெளியில இருந்து பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். இப்ப ஓடற வேர்ல்ட் ஒடிஸி 1998-ல ஜெர்மனியில கட்டின நிஜமான சொகுசுக் கப்பல், அப்ப அதுக்குப் பேரு டாய்ச்லாண்ட், 175 மீட்டர் நீளம், உள்ள போனா சர விளக்கும் பித்தளைக் கைப்பிடியுமா மின்னும். ஆனா அந்த சர விளக்குக்குக் கீழதான் காலையில லெக்சர் நடக்கும். கடல்ல இருக்கற நாளை ஏ நாள், பி நாள்னு மாத்தி மாத்திப் பிரிச்சிருப்பாங்க, இன்னிக்கு ஏ-ன்னா நாளைக்கு பி, ரெண்டுக்கும் பாடம் வேற வேற, சனி ஞாயிறுங்கற பேச்சே கிடையாது. கப்பல் கடல்ல இருந்தா கிளாஸ் உண்டு, ஞாயித்துக்கிழமைன்னு தூங்க முடியாது. நடுவுல லீவு விட்டா அது பரீட்சைக்குப் படிக்க, இல்ல ஸீ ஒலிம்பிக்ஸ் மாதிரி ஏதாவது விழாவுக்கு. மார்க்கும் க்ரெடிட்டும் கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி தர்றது, 2016-ல இருந்து அவங்கதான் பார்ட்னர், அதுக்கு முன்னாடி வர்ஜீனியா, அதுக்கும் முன்னாடி பிட்ஸ்பர்க்.

இன்னொண்ணையும் அப்பாகிட்ட சொல்லும்மா. எந்த சப்ஜெக்ட் எடுத்தாலும் ஏதாவது ஒரு துறைமுகத்துல வாத்தியாரோட இறங்கி அந்தப் பாடத்தை நேர்ல பாக்கணும், ஃபீல்ட் கிளாஸ்னு பேரு, அது கட்டாயம், அதுக்கு ரிப்போர்ட்டும் எழுதணும். பொதுசுகாதாரம் படிக்கறவங்க அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, வியாபாரம் படிக்கறவங்க கம்பெனிக்கோ தொழிற்சாலைக்கோ போவாங்க. ஊர் பாத்துட்டு மறுபடி கடலுக்கு வந்ததும் அதைப் பத்திதான் பேச்சு, மெஸ்ல, மேல்தளத்துல, ராத்திரி கேபின்ல. என்னைக் கேட்டா இந்தப் படிப்போட உயிரே அந்தக் கடல் நாள்தான். ஊர் சுத்தறதை காசு இருந்தா யாரும் செஞ்சுடலாம், ஆனா பாத்ததை அந்த சூடு ஆறறதுக்குள்ள அதே ஊரைப் பாத்த இன்னும் ஐநூறு பேரோட உக்காந்து விவாதிக்கறது வேற எந்தக் காலேஜ்லயும் கிடைக்காது.

தூக்கம், சாப்பாடு, துணி துவைக்கறது இதெல்லாம் எப்படி? என் பொண்ணு ஹாஸ்டல்லயே இருந்ததில்ல. (வாசகி, கரூர்)

ஹாஸ்டல் ரூமை இன்னும் சின்னதாக்கினா அதான் கேபின், ரெண்டு பேர் மூணு பேர் இருப்பாங்க. ஜன்னல் இருக்கற கேபின் உண்டு, உள்பக்கம் ஜன்னலே இல்லாததும் உண்டு, அதுல விலை குறைவு. ஜன்னல் இல்லாததுல லைட்டை அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது, அலாரம் வெக்காம தூங்கினா கிளாஸ் போச்சு.

தூக்கத்துல இன்னொரு விஷயம் இருக்கு, போற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. கப்பல் கிழக்க போனா கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, அந்த மணி நேரம் தூக்கத்துல இருந்துதான் போகும், காலையில எட்டு மணி கிளாஸ் எட்டு மணிக்கேதான். பெரிய கடலைத் தாண்டும்போது இது அடுத்தடுத்த நாள்லயே வரும், கிளாஸ்ல பாதிப் பேர் கண்ணு சொருகிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மேற்க போனா தலைகீழ், அப்பப்ப ஒரு மணி நேரம் கூடுதலா தூங்கலாம், ஆனா பசிபிக்ல தேதிக்கோடு தாண்டும்போது ஒரு முழு நாளே காணாமப் போயிடும், அன்னிக்குப் பிறந்தநாள் வர்ற புள்ளைங்க பாவம். ரூட் பாத்து சேரும்போது இதையும் பாருங்க.

சாப்பாடு பஃபே, பாஸ்தாவும் உருளைக்கிழங்கும் சாலடும் திரும்பத் திரும்ப வரும். சைவம் கிடைக்கும், நம்ம ருசி கிடைக்காது. பருப்புப்பொடி, ஊறுகாய், இட்லிப்பொடி ஊர்ல இருந்தே சீல் பண்ணின பாக்கெட்டா எடுத்துட்டுப் போகட்டும், துறைமுகத்துல வாங்கின பழமோ சமைச்ச சாப்பாடோ கப்பலுக்குள்ள விட மாட்டாங்க, ஏறும்போதே பையை ஸ்கேன் பண்ணிடுவாங்க. துணியை பையில போட்டு வெச்சா கப்பல் லாண்டரியில துவைச்சுத் தருவாங்க, நல்ல சுடிதாரைப் போடாதீங்க, மெஷின் சூட்டுல சுருங்கிடும். அப்புறம் கப்பல்ல 'ஷிப் ஃபேமிலி'ன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, வாத்தியாரோ, கூட வர்ற பெரியவங்களோ சில ஸ்டூடண்ட்ஸை சேத்துக்கிட்டு வாரம் ஒரு நாள் ஒண்ணா சாப்பிடுவாங்க. பொண்ணு வீட்டை விட்டு முதல் தடவை போறான்னா அதுக்குக் கண்டிப்பா பேர் குடுக்கச் சொல்லுங்க, வெட்கப்பட்டு விட்டுடக் கூடாது.

கடல் நோய் வருமா? புயல்ல கப்பல் மாட்டினா? (வாசகர், நாகப்பட்டினம்)

முதல் சில நாள் நிறையப் பேருக்கு வரும் சார். கண்ணு முன்னாடி சுவர் அசையாம நிக்குது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு ஆடுதுன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகாம வர்ற தொந்தரவு அது. அதனால கேபின்ல சுருண்டு படுக்காம மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாக்கணும், வயித்தைக் காயப் போடாம உப்பு பிஸ்கட், இஞ்சி, பச்சை ஆப்பிள்னு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு முன்கூட்டியே போடணும், வாந்தி ஆரம்பிச்ச பிறகு போட்டா நிக்காது. கேபின் கிடைச்சா நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல கேளுங்க, ஆட்டம் குறைவு. கடல் மோசமா இருக்கற நாள்ல மெஸ்ல மேஜை விரிப்பைத் தண்ணியில நனைச்சுப் போடுவாங்க, தட்டு சறுக்காம இருக்கறதுக்கு. ஈரத் துணி பாத்தாலே அன்னிக்கு ஆட்டம் உண்டுன்னு புரிஞ்சுக்கலாம்.

புயல் பத்தி மறைக்காம சொல்றேன். 2005 ஜனவரியில அப்ப ஓடின எம்.வி. எக்ஸ்ப்ளோரர் வட பசிபிக்ல போகும்போது 50 அடி அலை அடிச்சு, கேப்டன் கப்பலை ஓட்டற பிரிட்ஜ்ங்கற அறையோட கண்ணாடி உடைஞ்சு தண்ணி உள்ள புகுந்து என்ஜின் கன்ட்ரோலே கெட்டுப்போச்சு. சிலருக்கு அடிபட்டுது, உயிர் யாருக்கும் போகல, கப்பல் ஹொனலுலு போய்ச் சேர்ந்தது. அதனால லைஃப் ஜாக்கெட் ட்ரில்னு கூப்பிட்டா செல்ஃபி எடுத்துக்கிட்டு நிக்காம, தன்னோட லைஃப் போட் எங்க இருக்கு, எந்தப் படியில ஏறணும்னு கால் பழகற அளவுக்குத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

இது எப்ப ஆரம்பிச்சது? நம்ம ஊருக்கு வந்திருக்கா? (ஆசிரியர், மதுரை)

1963-ல 'யுனிவர்சிட்டி ஆஃப் தி செவன் சீஸ்'னு தொடங்கினது சார். அப்புறம் சி.ஒய். துங்னு ஹாங்காங் கப்பல் அதிபர், புகழ்பெற்ற குயின் எலிசபெத் கப்பலையே வாங்கி மிதக்கற பல்கலைக்கழகமா மாத்த ஆரம்பிச்சார், வேலை முடியற நேரத்துல 1972 ஜனவரியில ஹாங்காங் துறைமுகத்துலயே அது தீப்பிடிச்சு சாஞ்சுடுச்சு. மனுஷன் விடல, வேற கப்பல் குடுத்து நடத்தினார். அந்தப் பிடிவாதம் இல்லன்னா இன்னிக்கு இந்தப் படிப்பே இருந்திருக்காது, எனக்கு அவர் மேல பெரிய மரியாதை. இனவெறியை எதிர்த்துப் போராடின தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஒரு தடவைக்கு மேல இதுல வந்து மாணவங்களோடயே தங்கியிருக்கார்.

நம்ம சென்னைத் துறைமுகத்துக்கும் வந்திருக்கு, பின்னாடி கொச்சிக்கு மாறிச்சு. இன்னொண்ணு, பூமத்திய ரேகை தாண்டற அன்னிக்கு, நெப்டியூன்ங்கற கடல் தெய்வத்தோட பேர்ல நெப்டியூன் டேன்னு விழா நடக்கும், மீனுக்கு முத்தம் குடுத்துட்டு பசங்க பொண்ணுங்கன்னு பாக்காம நிறையப் பேர் மொட்டை போட்டுக்குவாங்க. நம்ம வழக்கத்துல வேண்டுதலுக்குப் போடறோம், அவங்க கடலுக்குப் போடறாங்க, பாக்க எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

இந்திய பாஸ்போர்ட்ல போக முடியுமா அக்கா? செலவு எவ்ளோ? (இன்ஜினியரிங் மாணவர், கோவை)

முடியும் தம்பி, ஆனா உனக்கு வேலை அதிகம். கூடப் படிக்கற அமெரிக்கப் பசங்க பல நாட்டுல விசா இல்லாமலே இறங்கிடுவாங்க, நமக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா எடுக்கணும், சிலது கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும். நீ அமெரிக்காவுல படிச்சுக்கிட்டே போறதா இருந்தா திரும்பி உள்ள வர்ற விசா செல்லுமான்னு உன் காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எழுத்துல வாங்கிக்கோ. செலவு கேபினைப் பொறுத்து மாறும், 30,000 டாலரைச் சுத்தி வரும், நம்ம காசுல 25 லட்சத்துக்கு மேல. விமான டிக்கெட், விசா, துறைமுகத்துல சுத்தற செலவு தனி. உதவித்தொகை உண்டு, அதனால தொகையைப் பாத்து பயந்து அப்ளை பண்ணாம இருந்துடாதே, அதுக்குத் தனி ஃபார்ம், சீக்கிரமே போட்டுடு.

அப்புறம் கப்பலுக்குத் திரும்பற நேரம்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. லேட்டா வந்தா அடுத்த துறைமுகத்துல அதுக்கேத்த மாதிரி சில மணி நேரம் கீழ இறங்க விடமாட்டாங்க. கப்பலையே விட்டுட்டா உன் சொந்தக் காசுல அடுத்த ஊருக்குப் போய்தான் ஏறணும், அந்த நாட்டு விசா இந்திய பாஸ்போர்ட்டுக்கு அவசரமா கிடைக்காது. அதனால கடைசி நாள்ல துறைமுகம் இருக்கற ஊரைத் தாண்டி எங்கயும் போகாதே.