1908ஆம் ஆண்டுப் பாடல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாரதியின் 1908ஆம் ஆண்டுப் பாடல்களை மட்டும் திரட்ட நினைக்கிறேன். ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை எடுத்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. முதலில், கையில் இருப்பது எந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ என்று பாருங்கள். 1908 ஜனவரியில் பாரதியே வெளியிட்டு, நிவேதிதா தேவிக்குச் சமர்ப்பணம் செய்த சிறு நூல் ஒன்று. அவர் மறைந்தபின், 1922இல் பாரதி ஆச்ரமம் என்ற பதிப்பகம் அதே பெயரில் இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தது இன்னொன்று; 1928இல் அரசு பறிமுதல் செய்தது பிந்தியதைத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பட்டியல் முழுவதும் பிசகிப்போகும்.

அடுத்து, பாட்டுக்குள்ளேயே காலம் தெரிகிறதா பாருங்கள். ‘நாட்டி லெங்கும் சுதந்திர வாஞ்சையை நாட்டினாய்’ என்று திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச் வ.உ.சி.யிடம் பேசுவதாக ஒரு பாட்டு உண்டு. வ.உ.சி. கைதானது 1908 மார்ச் 12. அந்தச் சமயத்து மோதலைப் பேசும் பாட்டு ஜனவரி நூலில் இருக்க வழியே இல்லை. இதற்கு நேர்மாறானது ‘எந்தையும் தாயும்’. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1907லேயே இலவசமாக அச்சிட்டு வழங்கிய மூன்று பாடல்களில் அதுவும் ஒன்று. ஆகவே எழுதியது, முதலில் அச்சானது, நூலில் சேர்ந்தது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பிய ஆண்டு, நாளைக்கு இன்னொருவர் கட்டுரையில் ஆதாரமாக நிற்கும்.

இதழ்களைப் புரட்டும்போது ஒன்று: பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ், 1908 ஆகஸ்டில் அதன் பதிவாசிரியர் (அரசுப் பதிவில் ஆசிரியராகப் பெயர் இருந்தவர்) கைதானபின் சென்னையில் வெளிவருவது நின்று, அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது. இடையில் இதழ் தொலைந்துபோனதாக எண்ணித் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: பழைய இதழில் ‘கீலக தை’ என்றிருக்கிறது. இது 1908தானே?

பதில்: இல்லை, 1909 ஜனவரி–பிப்ரவரி. கீலக என்னும் தமிழ் ஆண்டு 1908 ஏப்ரலில் பிறந்து 1909 ஏப்ரலில் முடிந்தது. 1908இன் முதல் மூன்றரை மாதம் அதற்கு முந்திய பிலவங்கத்தில் போய்விடும். தை, மாசி, பங்குனி மூன்றிலும்தான் எல்லாரும் ஓராண்டு சறுக்குகிறார்கள். தமிழ் எண்ணிலும் கவனம் வேண்டும்: ௧௯௦௮ என்பதில் ௧ ‘க’வைப் போலவும், ௮ ‘அ’வைப் போலவும் இருக்கும். மங்கிய படியைக் கணினி எழுத்தாகப் படித்துவிடுவதால், ஆண்டைத் தட்டித் தேடினால் கிடைக்காது. பக்கத்தைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

கேள்வி: பெயர் தெரியாத கவிஞர்களின் சிறு நூல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டப்படி அச்சிட்ட நூல்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவற்றை மாகாண அரசு காலாண்டுதோறும் பட்டியலிட்டது. பக்கம், விலை, எத்தனை படி, எந்த அச்சகம் எல்லாம் அதில் இருக்கும். டிசம்பர் நூல் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம் என்பதால் 1909இன் முதல் பட்டியலையும் பாருங்கள். தலைப்புகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ‘சுதேச’, ‘ஸ்வதேச’ இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

கேள்வி: வ.உ.சி.யின் சிறைக் கவிதைகளை 1908இல் சேர்க்கலாமா?

பதில்: சிறை சென்ற ஆண்டை வைத்துச் சேர்க்கக் கூடாது. சிறையில் எழுதிய ‘மெய்யறம்’ அச்சேறியது 1914இல்.