தீபாவளிக்கு அது வேணும், இது வேணும்னு கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற மனசு எப்படி வரும்?

பையனுக்கு எட்டு வயசு, பட்டாசு லிஸ்ட்டே ஒரு பக்கம், இல்லைன்னா அழுகை என்று கேட்டிருக்கிறீர்கள். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற, போனஸ் வந்ததும் கை தாராளமாகிவிடுகிற வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நோம்பிக்கு (பண்டிகைக்கு) இவ்வளவுதான் என்று யாரும் தொகை சொல்லாத வீட்டில் பிள்ளை கேட்கத்தான் செய்யும்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு ஆரம்பியுங்கள், மூணு வாரம் கிடைக்கும். அவன் பங்கு 3,000 என்றால் துணிக்கு 1,500, பட்டாசுக்கு 700, பொம்மைக்கு 500, கொடுப்பதற்கு 300 என நாலு கவர். எல்லாம் நூறு ரூபாய்த் தாளாக இருக்கட்டும். ஜிபேயில் கட்டினால் காசு குறைவது பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கிற கவரிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. (பணக்கார வீட்டு யோசனை என்று கமென்டில் வர வேண்டாம். 3,000க்குப் பதில் 300 என்றாலும் கணக்கு இதேதான்.)

கேட்பதையெல்லாம் தேதி போட்டு அவனையே எழுதச் சொல்லுங்கள். ஏழு நாள் கழித்து “இது இன்னும் வேணுமா கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள். விளம்பரம் பார்த்து எழுதியதில் பலதை அவனே அடிப்பான். நீங்கள் அடித்தால் சண்டைதான்.

பட்டாசுக்கு அரசு கொடுத்திருக்கும் நேரமே காலை 6-7, இரவு 7-8 தான். ஈரோடு மாவட்டம் சென்னிமலைப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடியே வைப்பதில்லை. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கொடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீங்கள் வாங்கியதைப் பிள்ளை கையில் திணித்து நீட்ட வைத்தால் அது உங்கள் தானம், அவனுக்கு அதில் பங்கில்லை. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012ல் வெளியானது. அக்குழந்தைகள் வேறு யாரோ தந்ததை எடுத்துக் கொடுத்தபோது இருந்ததைவிட, தங்கள் தின்பண்டத்திலிருந்தே கொடுத்தபோது கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். “கொடுத்தா சைக்கிள் வாங்கித் தரேன்” என்ற பேரமும் வேண்டாம். உதவிக்குப் பரிசு தந்து பழக்கினால் பிறகு உதவுவது குறைகிறது என்று 20 மாதக் குழந்தைகளிடம் வார்னெக்கன், டொமாசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2008ல் காட்டினார்கள். உடைந்த பொம்மை, சாயம் போன சட்டையைக் கொடுக்க விடாதீர்கள். வேண்டாததைத் தள்ளிவிடுவதுதான் கொடுப்பது என்று படிந்துவிடும்.

அந்த 300 ரூபாயில் கடலை உருண்டை செய்யச் சொல்லுங்கள். பாகு காய்ச்ச வேண்டியதில்லை, எட்டு வயசுக்கு அடங்கும். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரைக்கிலோ, நாட்டுச்சர்க்கரை 300 கிராம் (கவுந்தப்பாடிச் சர்க்கரை என்றால் வாசமே தனி). மிக்ஸியை நீங்கள் போடுங்கள், விட்டு விட்டு. ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் கக்கி களியாகிவிடும். சூடு ஆறுவதற்குள் அவன் பிடிக்கட்டும். முப்பது உருண்டை வரும், ஆளுக்கு அஞ்சு என்றால் ஆறு பொட்டலம். தூய்மைப் பணியாளர், வேன் அண்ணன், ஊருக்குப் போகாமல் பனியன் கம்பெனி ரூமிலேயே தங்கிவிட்ட வடக்கத்திப் பையன்கள் என்று யார் யாருக்கு என்பதை அவனே எழுதி, அவனே நீட்டட்டும். போட்டோ எடுக்க வேண்டாம், உங்கள் போன் பையிலேயே இருக்கட்டும். ஆதரவற்றோர் இல்லங்களில் தீபாவளியன்று ஸ்வீட் மிஞ்சிக் கிடக்கும். போன் பண்ணிக் கேட்டுவிட்டு வேறொரு மாசம் சோப்பு, நோட்டோடு போங்கள்.

கடை ஸ்வீட் வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்து ஸ்வீட் விலை போடுகிற கடைகள் இன்னமும் இருக்கின்றன. நிகர எடைக்குத்தான் காசு என்பது சட்டம். காலிப் பெட்டியை முதலில் தராசில் வைக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அமுச்சி, அப்புச்சிக்கு (அம்மாவைப் பெத்தவங்களுக்கு) முன்னாலேயே சொல்லிவையுங்கள், நோம்பிக்காசு அந்தக் கவர்களுக்குள்தான் போகணும் என்று. அவர்கள் தனியாக ஐந்நூறு திணித்தால் மூணு வாரக் கணக்கும் அன்றைக்கே போச்சு.