விஎம்சி வாங்கலாமா, வெளியே கொடுக்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷினுடன் ஜாப் ஒர்க் பட்டறை (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்து கொடுப்பது) நடத்துகிறேன். விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்) வேலை வந்தால் பக்கத்துப் பட்டறையில் மணிக்கு 380 ரூபாய்க்குக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இப்போது பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி, "சொந்தமாக மெஷின் போடுங்கள், மாதம் 250 மணி நேர வேலை தருகிறோம், மணிக்கு 450 ரூபாய், பணம் 90 நாளில்" என்கிறது. மெஷின் 32 லட்சம். ஃபிக்சர் (பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு), கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர் எல்லாம் இன்னொரு 4 லட்சம். வங்கி 24 லட்சம் தருகிறது, 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. மீதி 12 லட்சம் நகையையும் சேர்த்து என்னிடம் இருக்கிறது; அதில் 1 லட்சத்தைக் கண்காட்சியில் அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று, திருப்பித் தரமாட்டார்களாம். மார்ச்சுக்குள் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார் ஆடிட்டர். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு, இந்த மார்ச்சுக்குள் வேண்டாம். மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் என்பதற்குக் கணக்கு போட்டுவிடுவோம். சம்பளமும் டூல் செலவும் நான் உத்தேசமாக வைத்தவை. உங்கள் பட்டறைக் கணக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

24 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 52,200 ரூபாய். 250 மணி நேரம் ஒரு ஷிப்டில் முடியாது. 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208. செட்டிங், அளவு பார்ப்பது, கரண்ட் போவது எல்லாம் கழித்தால் ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) உண்மையாகச் சுற்றுவது 165 மணி இருந்தால் பெரிது. ஆகவே இரண்டு ஷிப்ட், இரண்டு ஆபரேட்டர். ஆளுக்கு 24,000 என்றால் 48,000. இன்சூரன்ஸ், பராமரிப்பு, வாடகையில் மெஷினின் பங்கு என்று 8,000. மொத்தம் 1,08,200. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது போகும்.

வரவு மணிக்கு 450. அதில் மின்சாரம், இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை), கூலன்ட் என்று 130 போனால் கையில் நிற்பது 320. 250 மணிக்கு 80,000. மாதம் 28,200 ரூபாய் நீங்கள் லேத்தில் சம்பாதித்ததிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும், 60 மாதம். கைக்காசு போடாமல் சமாளிக்க மெஷின் 338 மணி ஓட வேண்டும். இரண்டு ஷிப்டிலும் சேர்த்து ஓடக்கூடியதே 330 மணிதான். அதாவது மூச்சு விடாமல் ஓடினாலும் தவணை முடியும் வரை உங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

"தவணையில் அசலும் இருக்கிறதே, அது செலவு ஆகாதே" என்று ஆடிட்டர் சொல்வார். சரிதான். ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 7.3 லட்சம், மீதியெல்லாம் அசல். மெஷின் அப்போது பாதி விலைக்குப் போகும் என்று தாராளமாகவே வைத்து, வட்டியையும் தேய்மானத்தையும் மட்டும் செலவாகப் போட்டாலும் மாதம் 15,000 நஷ்டம் நிற்கிறது. "இரண்டாவது ஷிப்டை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பது அடுத்து வரும் பதில். உங்கள் உழைப்புக்குச் சம்பளம் பூஜ்யம் என்று எழுதினால் ஊரில் எந்த மெஷினும் லாபம்தான்.

இனி பக்கத்துப் பட்டறையைப் பாருங்கள். அதே 250 மணியை 380-க்கு அங்கே கொடுத்தால் மணிக்கு 70, மாதம் 17,500. வண்டிச் செலவு, ரிஜெக்‌ஷன் போக 12,000 நின்றாலும் கடன் இல்லாத 12,000. அவரால் எப்படி 380-க்குச் செய்ய முடிகிறது? அநேகமாக அவர் மெஷினுக்குத் தவணை முடிந்திருக்கும். நீங்கள் புது மெஷின் வாங்கினால் மோத வேண்டியது தவணை முடிந்த மெஷின்களோடு. கோவையில் மணி விலை ஏறாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், நீங்கள் எழுதிய 36 லட்சம் உண்மையில் 36 இல்லை. மெஷினுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5.76 லட்சம். உள்ளீட்டு வரியாக அது திரும்பும்தான். ஆனால் மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரியைப் பணமாக ரீஃபண்ட் கேட்க முடியாது. நீங்கள் போடும் பில்களின் வரியில் மாதா மாதம் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. அதுவரை அது முடங்கிய பணம். அடுத்தது 90 நாள் கடன். மாதம் 1,12,500-க்குப் பில் போட்டால், மூன்று மாதப் பில் 3,37,500 ரூபாய் எப்போதும் அந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும். ஆபரேட்டருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும். எல்லாம் சேர்த்தால் தேவை 45 லட்சம். வங்கி 24, நீங்கள் 12. மீதி 9 லட்சம் எங்கிருந்து வரும்? தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு. அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். 11 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டு ஆரம்பித்தவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலை இல்லாமல் மூடும் பட்டறையைவிட, வேலை நிறைய இருந்தும் காசு சுழலாமல் மூடும் பட்டறை எனக்கு அதிகம் தெரியும்.

பிணை இல்லாமல் சிஜிடிஎம்எஸ்இ (சிறு தொழில் கடனுக்கான அரசு உத்தரவாத நிதி) உத்தரவாதத்தில் கடன் என்று வங்கியில் சொல்லியிருக்கலாம். நல்ல திட்டம், 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. ஆனால் அந்த உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. கட்டணம் கட்டுவது நீங்கள், கடன் நின்றுபோனால் பணத்தில் ஒரு பகுதி கிடைப்பது வங்கிக்கு. உங்கள் மேல் உள்ள பாக்கி அப்படியே இருக்கும். "அரசு பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

வரி மிச்சம் என்பது கேட்க இனிப்பாக இருக்கும். 32 லட்சத்துக்கு 15 சதவீதத் தேய்மானம் 4.8 லட்சம். மார்ச்சில் வாங்கி 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் அந்த ஆண்டு பாதிதான், 2.4 லட்சம். அது வரியிலிருந்து கழிவதில்லை, லாபத்திலிருந்து கழிவது. நீங்கள் 20 சதவீதம் வரி கட்டுகிறவர் என்றால் மிச்சம் 48,000. ஒரு தவணைக்குக்கூடக் காணாது.

அட்வான்ஸ் கொடுத்த 1 லட்சம் மனதை உறுத்தும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது போன பணம். அதைக் காப்பாற்ற 45 லட்சத்தை இறக்குவது, போன மாட்டைத் தேடப் போய்க் கன்றையும் தொலைக்கிற கதை.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் விலை. வட்டியில் ஒரு சதவீதம் குறைக்க வங்கி வங்கியாக அலைகிறோம். 24 லட்சத்தில் அது தருவது மாதம் 1,200 ரூபாய். மணி விலையில் 10 ரூபாய் ஏற்றினால் 2,500. ஆனால் அதைக் கேட்கத்தான் வாய் வருவதில்லை. 520 கேளுங்கள். கடனை ஏழு ஆண்டாக்கினால் தவணை 41,100 ஆகும். இரண்டும் நடந்தால் 250 மணியிலேயே கைக்காசு போடாமல் தவணையும் சம்பளமும் ஈடாகிவிடும், மிச்சம் இருக்காது. இரண்டில் நான் விலைக்குத்தான் மல்லுக்கட்டுவேன், ஏனென்றால் தவணைக் காலத்தை நீட்டினால் மொத்த வட்டி ஏறும்.

அடுத்தது, அந்த 250 மணி வாய்ச்சொல்லா, எழுத்தா? எந்தெந்தப் பாகம், மாதம் எத்தனை, ஒன்றுக்கு எத்தனை நிமிடம் சைக்கிள் டைம், இன்சர்ட் விலையும் கரண்ட் கட்டணமும் ஏறினால் மணி விலை எப்போது மாறும், இதையெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரில் கேளுங்கள். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியபோது பழைய விலைக்கே ஒப்புக்கொண்டு மாட்டியவர்களைக் கோவையில் தேட வேண்டியதில்லை. குறைந்தபட்ச மணி நேரம் எழுதித் தர அவர்கள் ஒப்புவது சந்தேகம். ஃபிக்சர் செலவை மட்டுமாவது ஏற்கச் சொல்லுங்கள். தன் கையிலிருந்து 2 லட்சம் போட்ட கம்பெனி ஆர்டரை அவ்வளவு சுலபமாக வேறு பட்டறைக்கு மாற்றாது. அதற்கும் மறுத்தால் அந்த 250 மணியில் அவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்துவிடும்.

90 நாளுக்கு வருவோம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாவிட்டால் இன்றே போடுங்கள், செலவில்லை. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கென்று உள்ள கவுன்சிலில் புகார் கொடுத்தால், அந்த வாடிக்கையாளரை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அதனால் இதை நான் கடைசி ஆயுதமாகவே வைப்பேன். 2023 பட்ஜெட்டில் வந்து 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றம் இன்னும் மென்மையாக வேலை செய்கிறது: 45 நாளில் தராத தொகையை, பணம் தரும் ஆண்டு வரை, அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. இதை நீங்கள் சண்டையாகச் சொல்ல வேண்டாம். உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள், அவர்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார். கம்பெனியின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் அவர்கள் ட்ரெட்ஸ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே உங்கள் பில்லை வங்கிகள் ஏலம் எடுத்து முன்கூட்டியே பணம் தரும், வட்டியும் உங்கள் சிசி (அன்றாடச் செலவுக்கான வங்கி) கடனைவிடக் குறைவாக வர வாய்ப்புண்டு. பெரும்பாலும் கம்பெனி பணம் தராவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது.

இதெல்லாம் பேசி முடிக்கும்வரை வேலையை வெளியே கொடுத்துச் செய்யுங்கள், ஆறு மாதம். உண்மையில் மாதம் எத்தனை மணி வந்தது, எத்தனையாவது நாள் பணம் வந்தது, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கம்பெனி சொன்னதும் நோட்டு சொல்வதும் எவ்வளவு விலகுகிறது என்று அப்போது தெரியும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு: பக்கத்துப் பட்டறைக்காரர் நேரடியாக அந்தக் கம்பெனிக்கே போய்விடலாம். டிராயிங்கில் கம்பெனி பெயரை மறைத்துக் கொடுப்பது, ஃபிக்சரையும் கடைசி இன்ஸ்பெக்‌ஷனையும் உங்கள் கையில் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான் செய்ய முடியும்.

எப்போது வாங்கலாம் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், ஷோரூம் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். என் கணக்கில் நான்கு அடையாளங்கள். வேறொரு வாடிக்கையாளரையும் சேர்த்து மாதம் 330 மணி வேலை, மணி விலை 520 பக்கம், பணம் சராசரியாக 60 நாளில், ஆறு மாதத் தவணைக்கான 3 லட்சத்துச் சொச்சம் தொடாமல் வங்கியில். அந்த நிலையில் ஐந்து ஆண்டுத் தவணை போகவே மாதம் 20,500 நிற்கும். அப்போதும் வெளியே கொடுப்பதில்தான் கைக்காசு கூடுதலாகத் தெரியும். ஆனால் தவணை முடிந்த பிறகு மாதம் 72,700, மெஷினும் உங்களுடையது. தவிர, சீசனில் பக்கத்துப் பட்டறை "இந்த வாரம் மணி இல்லை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால், சொந்த மெஷினின் அருமை வேறு.

பழைய மெஷின் பார்க்கிறீர்கள் என்றால் பெயின்டைப் பார்க்காதீர்கள். ஸ்பிண்டில் சத்தம், பால் ஸ்க்ரூ பேக்லாஷ் (மேசையை நகர்த்தும் திருகில் உள்ள தளர்வு), உங்கள் சொந்த பாகத்திலேயே ஒரு டெஸ்ட் கட், இந்த மூன்றும் பார்க்காமல் டோக்கன் கொடுக்கக் கூடாது.

அட்வான்ஸ் வாங்கிய டீலரிடம் திருப்பிக் கேட்காமல், புக்கிங்கை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்கள். மார்ச் விற்பனைக் கணக்கு முடிந்த பிறகு, ஏப்ரலில் அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து பேசுவார்கள்.